பாவலரைத் தேடிய பத்திராதிபர்

வன்னியில் உத்தியோகம் பார்த்த ஜே. பி. லூயிஸ் துரை இந்நாட்டைப் பற்றி எழுதிய பெருங் கைந்நூல் 1895 ஆம் ஆண்டிலே வெளிவந்தது என்று சென்ற வாரம் கண்டோம். அவ்வாண்டை ஒட்டியேதான், ஆனையிறவுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் முதிய பத்திராதிபர் காலஞ்சென்றார். லூயிஸ் துரை நம் குளங்களையும் காடுகளையும் குடிகளையும் கணக்கெடுத்தவர். சதாசிவம்பிள்ளையோ தமிழ்ப் புலவர்களைக் கணக்கெடுத்தவர். ஆதலால் நம் தொடர் இவ்வாரம் கடல்நீரேரியைக் கடந்து சற்றே வடக்கே செல்வதில் பிழையொன்றுமில்லை.

சதாசிவம்பிள்ளை மானிப்பாய்ப் பகுதியிலே பிறந்தது 1820 இல். அவ்வருடத்திலேதான் அமெரிக்க மிஷனாருக்கென்று காரெட் என்னும் அச்சுத்தொழிலாளர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். வந்தவரை இலங்கையில் தங்கவொட்டாது பார்ன்ஸ் தேசாதிபதி திருப்பியனுப்பிவிட்டார். அந்நிய தேசத்தார் கையிலே அச்சியந்திரம் இருப்பதை அக்காலத்து ஆங்கில அதிகாரம் எவ்வளவு சந்தேகத்தோடு நோக்கிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பதினைந்து ஆண்டு செல்வதற்குள் அதே மிஷனாருடைய அச்சுக்கூடம் மானிப்பாயிலே நடைபெறலாயிற்று. தேசாதிபதிகள் மாறினார்கள், சந்தேகமும் மாறிற்றுப் போலும்.

வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரி, ஆங்கிலத்தோடு இலக்கணம், கணிதம், வானசாஸ்திரம் முதலியவற்றையும் போதித்த உயர்தரக் கலாசாலை. பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கிய அமெரிக்கத் தருமவான்களுடைய பெயர்களை அப்பிள்ளைகளுக்கே சூட்டிவிடுவது அங்கு வழக்கமாயிருந்தபடியால், அக்கலாசாலையிலே கற்ற நம் சதாசிவமும் ஆர்னல்ட் ஆனார். மற்றும் பலர் மிஷன் பெயரின் நிழலிலே தம் சொந்தப் பெயர் மறைந்துபோக வாழ்ந்திருக்க, இவர் இரண்டையும் விடாது தாங்கியது எனக்கு உவப்பான செய்தி. படிப்பு முடிந்தபின் ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். அதைப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை.

அவருடைய வாழ்வு விளங்கியது பத்திரிகையிலே. 1841 சனவரி 7 ஆம் தேதி ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் என்னும் இரு தமிழரை ஆசிரியராகக் கொண்டு தமிழும் ஆங்கிலமுமாக உதயமான 'உதயதாரகை', மாதம் இருமுறை வந்துகொண்டிருந்தது. கல்வி, பயிர்த்தொழில், சாஸ்திரம், அரசாட்சி, தேசாந்தரச் செய்தி, சமயவாதம் எல்லாவற்றுக்கும் அதிலே இடமிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆண்டர்சன் முதலியோரின் ஆலோசனைப்படி 1855 இல் செமினரி மூடப்பட்டு, அச்சுக்கூடமும் உள்ளூர்த் தமிழர் கைக்கு மாறியபின், 1857 அளவிலே சதாசிவம்பிள்ளை அப்பத்திரிகையின் தமிழாசிரியத்துவத்தை ஏற்று நெடுங்காலம் நடாத்தினார். கலாசாலை போய்விட்ட நாட்டிலே, அதன் வேலையில் ஒரு பங்கைப் பத்திரிகை செய்தது என்று சொல்லின் அது மிகையாகாது. இடையிலே அவர் பாடிய செய்யுட்களும், 1869 இல் வெளியிட்ட 'நன்னெறிக் கதாசங்கிரகம்' என்னும் கதைத்தொகுதியும் உண்டு. ஈழத்துச் சிறுகதையின் பூர்வீகத்தை ஆராய்வோர் இத்தொகுதியை மறவாது குறிப்பிடுவர். அவருடைய செய்யுட்களை அவ்வளவாக யாரும் இன்று எடுத்துப் பார்ப்பதில்லை. கவியாக இருக்க விரும்பிய ஒருவரைக் காலம் வேறு காரணத்துக்காக நினைவிலிருத்துவது இதுவே முதன்முறையன்று.

அக்காரணம் 1886 இல் வெளிவந்த 'பாவலர் சரித்திர தீபகம்'. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859 இலேயே ஆங்கிலத்தில் தமிழ்ப் புலவர் சரித்திரம் ஒன்றை வெளியிட்டிருந்தாரேனும், தமிழிலே அகரவரிசைப்படி நானூற்றுக்கும் மேற்பட்ட புலவர்களைத் திரட்டித் தந்தவர் சதாசிவம்பிள்ளையே. சங்கப் புலவரோடு நேற்றைய புலவரும், சைவரோடு கிறிஸ்தவரும் முகமதியரும் அங்கே ஒரே பந்தியில் அமர்கின்றனர். மிஷன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தும், அம்மிஷனாரை எதிர்த்தே ஆயுளைக் கழித்த ஆறுமுக நாவலரை அவர் விலக்கிவிடவில்லை. இதற்குக் கவியுள்ளத்தினும் பத்திராதிபருடைய பழக்கமே பெரிதும் உதவிற்று என்பது என் அபிப்பிராயம். தமக்கு எட்டிய செய்தியை, அது யாருடையதாயினும், ஊரும் பெயரும் குறித்து அடுத்த இதழுக்குள் அடைத்துவிட வேண்டும் என்னும் பழக்கமது. அதன் குறையும் அதிலேயே உண்டு. கர்ணபரம்பரைக் கதையும் சரித்திரமும் பல இடங்களில் கலந்து கிடக்கின்றன. நூறாண்டு அணுகுகையில், 1975 இலும் 1979 இலும், பேராசிரியர் பொ. பூலோகசிங்கம் விரிவான ஆராய்ச்சிக் குறிப்புகளோடு அந்நூலைக் கொழும்புத் தமிழ்ச்சங்க வெளியீடாக இரு பாகமாகப் பதிப்பித்து அக்குறையைப் பெரிதும் நீக்கினார்.

ஆயினும், எந்தப் பதிப்பாசிரியராலும் நீக்கமுடியாத குறையொன்று வன்னியில் இருந்து படிப்போர் கண்ணில் பட்டே தீரும். புலவர் சரித்திரம் என்றால் புலவருக்குப் பெயர் வேண்டும். பெயரோடு ஒட்டிய நூல் வேண்டும். அந்நூல் ஏட்டிலாவது அச்சிலாவது இருத்தல் வேண்டும். மதயானையை அடக்கிய அரியாத்தையின் பேரில் நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரிக்கு இவற்றில் ஒன்றேனும் உண்டா? அரிவு வெட்டும் வயலிலும் பன்றிக்காவல் பரணிலும் பாடியவர்கள் எந்தப் பத்திராதிபருக்கும் கடிதம் எழுதியவர்களல்லர். சதாசிவம்பிள்ளையை இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. அவர் காலத்தில் நாட்டார் பாட்டைப் பாட்டென்று ஒப்பிய பண்டிதர் மிகச் சிலரே. அரியாத்தையும் அவள் கணவன் வேலப்பணிக்கனும் வரும் அக்கதையை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.