லடாக்கில் குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்திய முறை

லடாக்கின் பழைய வேளாண் வாழ்வில் கோடை என்பது குளிர்காலத்துக்காக உழைக்கும் காலம். சிந்து நதிப் பள்ளத்தாக்கில் உள்ள லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழையளவு 100 மில்லிமீட்டர் அளவுதான். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. காஷ்மீரிலிருந்து வரும் வழியில் உள்ள ஜோஜி லா கணவாயைப் பனி மூடிவிட்டால், வசந்தம் வரும்வரை வெளியிலிருந்து பொருள் வருவது அரிது. ஆகவே மோட்டார் சாலை வருமுன், ஒவ்வொரு குடும்பமும் ஏறக்குறைய அரையாண்டுக்குத் தன் கையிருப்பை நம்பியே வாழ்ந்தது.

வீட்டின் அமைப்பிலேயே இந்த ஏற்பாடு தொடங்கியது. வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல்லால் தடித்த சுவர் எழுப்பி, பெரிய சன்னல்களைத் தெற்கு நோக்கி வைத்தார்கள். பாப்லர் மரத்தை உத்தரமாக இட்டு, வில்லோக் குச்சிகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் புல்லும் களிமண்ணும் போட்டுத் தளம் அமைத்தார்கள். கீழ்த்தளம் மாடு, ஆடுகளுக்கான தொழுவம். மேல்தளத்தில் மனிதர் வாழ்ந்தனர். குளிர் மிகக் கடுமையான சான்ஸ்கர் பகுதியில், குளிர்காலத்தில் குடும்பமே கீழே இறங்கித் தொழுவத்தை ஒட்டிய சிறு அறையில் தங்கியது. கால்நடையின் உடற்சூடு அந்த அறைக்குக் கதகதப்புத் தந்தது.

கோடையில் முதல் கவலை எரிபொருள். மரம் அரிதான நிலம் என்பதால் விறகை நம்ப முடியாது. மேய்ச்சல் நிலங்களில் யாக், ஸோ, பசு ஆகியவற்றின் சாணத்தைத் திரட்டி, காயவைத்து, வறட்டிகளாக அடுக்கினார்கள். ஸோ என்பது யாக்கும் பசுவும் கலந்த இனம். மலைச்சரிவில் வளரும் புர்ட்சே என்னும் புதர்ச்செடியும் சுமைசுமையாக வந்து சேரும். சாணம் அடுப்புக்குப் போய்விட்டதால் வயலுக்கு எரு வேறு வழியில் கிடைக்க வேண்டியிருந்தது. மாடியில் இருந்த கழிப்பறையின் துவாரம் கீழே ஒரு சிற்றறைக்குள் திறந்தது. மண்ணையும் அடுப்புச் சாம்பலையும் அவ்வப்போது அதில் தள்ளினார்கள். அங்கே மக்கிய எரு வசந்தத்தில் வயலுக்குச் சென்றது. கழிப்பறைக்கான மண்ணைத் தரை உறையுமுன் வெட்டிச் சேர்த்து வைப்பதும் இலையுதிர்கால வேலைகளில் ஒன்று.

அறுவடை முடிந்ததும் வீட்டு மாடி நிறைந்துவிடும். குதிரைமசாலும் உலர்ந்த புல்லும் மாடியின் ஓரங்களில் கட்டுக்கட்டாக ஏறின. அவை கால்நடைத் தீவனமாகவும், குளிர்காற்றைத் தடுக்கும் போர்வையாகவும் இருந்தன. களத்தில் நடுக்கம்பத்தைச் சுற்றி மாடுகளை நடத்திப் பார்லிக் கதிர்களைப் போரடித்தார்கள். காற்றை அழைக்கச் சீழ்க்கை அடித்தபடியே தூற்றினார்கள். தானியத்தின் ஒரு பகுதியைச் சூடான மணலில் வறுத்து, ஓடை நீரால் சுழலும் ஆலையில் அரைத்தார்கள். ஓடை உறைந்தால் ஆலை நின்றுவிடும். எனவே குளிர்காலத்துக்கான மாவு அதற்கு முன்பே தயாராக வேண்டும். இப்படிக் கிடைக்கும் ஙம்பே என்னும் மாவு ஏற்கெனவே வெந்தது. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரில் பிசைந்தாலே உணவாகும், எரிபொருளும் மிச்சமாகும்.

காய்கறிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கீரை வகைகளை வற்றலாக்கினார்கள். டர்னிப், முள்ளங்கி போன்ற கிழங்குகளை நிலத்தில் வெட்டிய குழிகளில் புதைத்தார்கள். தரையின் மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்தில் குளிர் மட்டுப்பட்டிருக்கும் என்பதே இதன் அடிப்படை. குழியின் வாயை வைக்கோலாலும் மண்ணாலும் மூடி, வேண்டியபோது திறந்து எடுத்து மீண்டும் அடைப்பார்கள். 1885-இல் லேயில் பணியைத் தொடங்கிய மொரேவியன் கிறித்தவ சபையார் புதிய காய்கறிகள் பரவ உதவினர். உருளைக்கிழங்கும் இக்குழிகளில் இடம்பிடித்தது. தாழ்வான கிராமங்களில் ஆப்ரிகாட் பழங்களை மாடியில் உலர்த்தினார்கள். அதன் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். மோரைக் காய்ச்சி வடித்த கட்டியை உலர்த்திச் சுர்பே என்னும் கெட்டியான பாலாடைக்கட்டியாக்கினார்கள். சாங்தாங் பகுதியின் மேய்ச்சல் மக்கள் ஆடுகளின் முதுகில் உப்பும் கம்பளி மயிரும் ஏற்றி வந்து, பார்லியாக மாற்றிச் சென்றார்கள்.

தீவனத்துக்கு அளவு உண்டு. அதனால் எல்லாக் கால்நடைகளையும் குளிர்காலம் முழுவதும் காப்பாற்ற இயலாது. குளிர் தொடங்கும்போது சிலவற்றை அறுத்து, இறைச்சியைக் குளிரறையில் தொங்கவிட்டார்கள். வெளிக்குளிரே அதைக் கெடாமல் காத்தது.

கையிருப்பின் அளவே குடும்ப அமைப்பையும் நிர்ணயித்தது. நிலமும் வீடும் துண்டாடப்படாமல் பெரும்பாலும் மூத்த மகனுக்குச் சென்றன. சகோதரர்கள் பிரிந்து போகாமல் ஒரே மனைவியோடு வாழும் வழக்கமும் இதனோடு இணைந்திருந்தது. 1941-இல் சட்டம் அதைத் தடை செய்தது. அறுவடையில் அயலார் ஒருவருக்கொருவர் கைகொடுத்தனர். பிறப்பிலும் இறப்பிலும் பஸ்புன் எனப்படும் ஒரே குலதெய்வக் குடும்பங்கள் துணை நின்றன. வேலைகள் ஓய்ந்த பின், பெரும்பாலும் டிசம்பரில், லோசர் என்னும் புத்தாண்டு விழா வந்தது. அதன் பிறகு கம்பளி நூற்பதும் நெய்வதுமாக நாட்கள் கழிந்தன.

1960-களின் தொடக்கத்தில் ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு மோட்டார் சாலை வந்தது. 1974-இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், பின்னர் எரிவாயு ஆகியவை வந்ததும் வறட்டியும் பார்லி மாவும் தம் பழைய இடத்தை இழந்தன. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியே சென்றதால் கோடையில் உழைக்கும் கைகளும் குறைந்தன. எனினும் பழைய அறிவு வீணாகவில்லை. 1988-இல் தொடங்கிய செக்மால் போன்ற அமைப்புகள், தெற்கு நோக்கிய மண் சுவர் என்னும் பழைய அடிப்படையின்மேல் சூரிய வெப்பக் கட்டடங்களை எழுப்பின. கருமை பூசிய தடித்த சுவரின் முன் கண்ணாடி பொருத்தினால், பகலில் அது ஈர்த்த வெப்பம் இரவில் அறைக்குள் பரவுகிறது.

லடாக்கின் பழைய வீட்டில் எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பயன்பட்டதில்லை: தீவனம் குளிரைத் தடுத்தது, தொழுவம் சூடு தந்தது, சாம்பல் எருவானது. மிகக் குறைந்த வளத்தில், வெளியுதவி இல்லாமல், நூற்றாண்டுக்கணக்கில் கடுங்குளிரைக் கடக்க அம்மக்களுக்கு உதவியது இந்தச் சிக்கனமே. எரிபொருளை லாரியில் மலையேற்றும் இக்காலத்திலும் இமயமலை வீடுகளுக்கு அது பொருந்தும்.