நால்வர் எழுதி ஆடிய ஆட்டம்

நண்பர்கள் சிலர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, ஒருவர் எழுதியதற்கு மற்றவர் எழுத்திலேயே மறுமொழி கொடுத்துக் கதை வளர்க்கும் பொழுதுபோக்கு இன்று உலகெங்கும் உண்டு. இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1974 இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டிலிருந்தே தொடங்குவர். ஆனால், அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தின் வடபகுதிக் கிராமமொன்றில் நான்கு பிள்ளைகள் இதே ஆட்டத்தை ஆடியிருக்கின்றனர்.

அவர்கள் புரொண்டே குடும்பத்துப் பிள்ளைகள். சார்ளொட், பிரான்வெல், எமிலி, ஆன். 'ஜேன் அயர்', 'வுதறிங் ஹைற்ஸ்' ஆகிய நாவல்களைப் பயின்றவர்களுக்கு இப்பெயர்கள் புதியனவல்ல. அவர்களது சிறுபராய விளையாட்டைப் பிற்கால நாவல்களுக்கான பயிற்சி என்று ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

தந்தை பற்றிக் புரொண்டே, ஹோவர்த் கிராமத்து மதகுரு. தாய் 1821 இல் இறந்தார். மூத்த புதல்விகள் இருவரும் விடுதிப் பாடசாலையில் நோயுற்று 1825 இல் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய நால்வருக்கும் விளையாட்டுத் தோழர்களாக அமைந்தவர்கள் அவர்களே. 1826 ஜூன் மாதத்தில் தந்தை லீட்ஸ் நகரிலிருந்து பிரான்வெலுக்கென 12 மரப் போர்வீரர்களை வாங்கிவந்தார். பத்து வயதுச் சார்ளொட் முந்திக்கொண்டு ஒரு வீரனை எடுத்து, அவனுக்கு வெலிங்டன் பிரபு எனப் பெயரிட்டாள். பிரான்வெலின் வீரன் நெப்போலியன் ஆனான். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர்.

வீரர்கள் மேற்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறி, 'கண்ணாடி நகரம்' என்ற இராச்சியத்தை நிறுவினர். நால்வரும் அதன் காவற் பூதங்கள். போரில் மடிந்த வீரனை உயிர்ப்பிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. 'ஆயிரத்தொரு இரவுகள்' படித்த பிள்ளைகள் அல்லவா! வீரர்களின் எதிரிகள் அசாந்தி மக்கள். உண்மையான அசாந்திப் போரில் பிரித்தானிய ஆளுநர் சேர் சார்ள்ஸ் மக்கார்த்தி 1824 இல் கொல்லப்பட்டிருந்தார். அக்காலத்தில் அதே பேரரசின் கீழிருந்த தீவொன்றிலிருந்து வாசிக்கும் எனக்கு, பிறருடைய மண் எவ்வளவு இலகுவாகப் பிள்ளைகளின் ஆடுகளமாகியது என்பது உறுத்தாமலில்லை.

விளையாட்டு விரைவிலேயே எழுத்தாயிற்று. வீட்டுக்கு வந்த 'பிளாக்வூட்ஸ்' சஞ்சிகையைப் பின்பற்றி, பிரான்வெல் 1829 ஜனவரியில் ஒரு குட்டிச் சஞ்சிகையைத் தொடங்கினான். சில மாதங்களில் சார்ளொட் அதன் ஆசிரியரானாள். தீப்பெட்டியளவான தாள்களில், அச்செழுத்துப் போன்ற நுண்ணிய கையெழுத்து. மரவீரர்கள் வாசிப்பதற்கேற்ற அளவு அது. பெரியவர்களால் எளிதில் வாசிக்கவும் முடியாது. கதை, கவிதை, விளம்பரம் என எல்லாம் கதாபாத்திரங்களின் பெயர்களிலேயே வெளிவந்தன. அவற்றுள் 1830 ஆம் ஆண்டுப் பிரதியொன்று 2019 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 6 இலட்சம் யூரோவுக்கு விலைபோய், ஹோவர்த் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

1831 இல் சார்ளொட் விடுதிப் பாடசாலைக்குச் சென்றபோது, எமிலியும் ஆனும் பிரிந்து, வட பசிபிக் சமுத்திரத்தில் 'கொண்டால்' என்ற தமது சொந்தத் தீவைப் படைத்தனர். சார்ளொட்டும் பிரான்வெலும் 1834 இல் 'அங்கிரியா' இராச்சியத்தை உருவாக்கினர். அதன் மன்னன் சமோர்னா, சார்ளொட்டின் நாயகன். அவனது மாமனாரும் எதிரியுமான பேர்சி, பிரான்வெலின் பாத்திரம். 1836 இல் சார்ளொட் ஆசிரியையாகத் தொலைவில் இருந்த வேளையில், பிரான்வெல் அங்கிரியாவில் உள்நாட்டுப் போரை மூட்டினான். சமோர்னாவின் மனைவி மேரியின் உயிர் ஊசலாடியது. தம்பி அவளை உண்மையிலேயே கொன்றுவிட்டானோ என்று இருபது வயதுச் சார்ளொட் பாடசாலையிலிருந்து கலங்கி எழுதிய குறிப்பு இன்றும் உள்ளது. விடுமுறைக்கு வீடு திரும்பியதும் அவள் மேரியைப் பிழைக்க வைத்தாள்.

இவ்வாட்டத்தின் இன்பமும் துன்பமும் இதில் அடங்கியிருக்கின்றன. தனியே எழுதுபவனுக்குத் தன் கதையின் முடிவு தெரியும். கூடி எழுதுபவனுக்குத் தெரியாது. அடுத்த வரி மற்றவரின் கையில் இருக்கிறது. நான் நேசிக்கும் பாத்திரத்தை அவர் என்ன செய்வாரோ என்ற அச்சமும், அவர் செய்வதைப் பார்க்கும் ஆவலும் தனித்து எழுதுவோருக்கு வாய்ப்பதில்லை.

இது சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1845 ஜூன் 30 ஆம் திகதி எமிலியும் ஆனும் யோர்க் நகருக்குப் புறப்பட்டனர். எமிலிக்கு 27 நிறைய ஒரு மாதம் இருந்தது. ஆனுக்கு வயது 25. அரண்மனையிலிருந்து தப்பியோடி அரசகட்சியினருடன் சேரும் கொண்டால் மாந்தராகவே அவர்கள் அப்பயணத்தில் நடித்தனர். எமிலி அடுத்த மாதம் எழுதிய நாட்குறிப்பில் கொண்டால் முன்போலவே செழித்திருப்பதாக மகிழ்கிறாள். அதே வேளையில் ஆன் எழுதிய குறிப்போ, ஆட்டம் முன்போல இல்லை என்கிறது. ஒருத்திக்கு நிறைந்திருந்த ஆட்டம் மற்றவளுக்கு வற்றத் தொடங்கியிருந்தது.

அவ்வாண்டு மார்ச்சில் எமிலி எழுதிய இரங்கற் கவிதையொன்று ஆங்கிலத்தின் சிறந்த கவிதைகளுள் வைத்துப் போற்றப்படுகிறது. அது கொண்டால் அரசி றோசினா, மாண்ட ஜூலியஸுக்காகப் புலம்புவதாக எழுதப்பட்டது. 1846 இல் சகோதரிகள் மூவரும் கவிதை நூல் வெளியிட்டபோது கொண்டால் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்நூலில் விற்றவை இரண்டே பிரதிகள். மறுவருடம் மூவரின் நாவல்களும் வெளிவந்தன. கொண்டாலின் உரைநடைக் கதைகள் எவையும் இன்று எஞ்சவில்லை.

பயிற்சிதான் நோக்கமாயிருந்தால், அவ்வளவு உயர்ந்த கவிதையை எழுதிய பின்னர் எமிலிக்கு விளையாட்டு எதற்கு? விளையாட்டே நோக்கம் என்பேன். கவிதையும் நாவலும் அதன் ஓரத்தில் முளைத்தவை.

1848 செப்டெம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன் என மூவரும் எட்டே மாதங்களில் மறைந்தனர். இரவில் சகோதரிகள் மூவரும் மேசையைச் சுற்றி நடந்தபடி பேசிக்கொள்வது வழக்கம். 1853 இல் அங்கு சென்ற எழுத்தாளர் எலிசபெத் காஸ்கெல்லிடம், சார்ளொட் இப்போது தனியே நடக்கும் காலடியோசை கேட்கத் தம் நெஞ்சு வலிக்கிறது என்று பணிப்பெண் கூறினாராம். உலகம் அறிந்த எழுத்தாளராகிவிட்டவருக்கு வாசகர்கள் நிறைய இருந்தனர். மறுவரி எழுத ஒருவரும் இருக்கவில்லை.