மூக்கு கோணலுக்கு ஆபரேஷனா? வீட்டுக்கு வந்த முதல் 2 வாரம் உஷார்!

செல்ஃபி எடுக்கும்போதுதான் பலருக்கும் மூக்கு ஒரு பக்கமா சாஞ்சிருக்கிறது உறுத்தும். முதல்ல ஒண்ணு, முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கு நிஜத்தைவிடப் பெருசாத்தான் தெரியும். அதை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குக் கிளம்பாதீங்க.

மூச்சு விடவே சிரமமா இருந்தா விஷயம் வேற. மூக்கின் நடுச்சுவரை நேராக்குவது செப்டோபிளாஸ்டி. வெளித்தோற்றத்தைச் சரிசெய்வது ரைனோபிளாஸ்டி. ரெண்டையும் சேர்த்தும் செய்வாங்க. அழகுக்காக மட்டும்னா இன்ஷூரன்ஸ் பொதுவா கைகொடுக்காது.

ரிஸ்க் இல்லாத ஆபரேஷன் இல்லை. ரத்தக்கசிவு, தொற்று, மேல் முன்பற்களில் மரத்துப்போன உணர்வு, வாசனை குறைவது இதெல்லாம் வரலாம். நடுச்சுவரில் ஓட்டை விழுந்தா மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். குருத்தெலும்பு பழைய வளைவுக்கே திரும்பி, மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படுறதும் உண்டு. 2000-ல் உலக அழகியான பிரியங்கா சோப்ரா, 2021-ல் வெளியான தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கார். மூக்குக்குள் வளர்ந்த சதையை அகற்றும்போது மூக்குத்தண்டு தவறுதலா செதுக்கப்பட்டு மூக்கே அமுங்கிப்போச்சு. சரிசெய்ய மேலும் ஆபரேஷன்கள் தேவைப்பட்டிருக்கு.

சங்கரன்கோவில்காரங்க திருநெல்வேலி போய் ஆபரேஷன் செய்தா, திரும்பி வர பஸ்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரி ரத்தம் கொட்டினா அவ்வளவு தூரம் ஓட முடியாது. அதனால முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்குங்க. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிக்கோங்க.

வீட்டில் தலையணையை உயர்த்திப் படுங்க. மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். உப்புநீர் ஸ்ப்ரேயை டாக்டர் சொன்னபடி விடாம போடுங்க. வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டா ரத்தக்கசிவு கூடலாம். ஆவி பறக்கிற காரசாரமான பிரியாணிக்கும் சில நாள் லீவு. தறிக்கூடத்தில் வேலையா? பஞ்சுத்தூசி ஆகாது, எப்போ திரும்பலாம்னு கேட்டுட்டுப் போங்க. ஆடித்தபசு கூட்டத்தில் ஒரு முழங்கை இடி பட்டாலும் போச்சு. ஜிம், வெயிட் தூக்குறது ரெண்டு மூணு வாரத்துக்கு வேண்டாம்.

கண்ணைச் சுத்தி நீலம் பாய்ஞ்சா பயப்படாதீங்க, ரெண்டு வாரத்தில் மறையும். முழு வீக்கம் வடிய ஒரு வருஷம்கூட ஆகும். ஆனா 15, 20 நிமிஷத்துக்கு மேல நிக்காத ரத்தம், காய்ச்சல், குனிஞ்சா தண்ணி மாதிரி ஒழுகுறது, பார்வை மங்கல் இருந்தா காத்திருக்கக் கூடாது. ரெண்டு துவாரமும் அடைச்சு விண்ணு விண்ணுன்னு வலிச்சா, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே வடிக்கலைன்னா குருத்தெலும்பு செத்துப்போகும். ரத்தம் வந்தா தலையை அண்ணாந்து பார்க்காதீங்க, நிமிர்ந்து உட்கார்ந்து முன்பக்கமா சாயணும்.

முகம் மூடுற ஹெல்மெட் மாட்டும்போதும் கழட்டும்போதும் மூக்கில் உரசும். அதுக்காக ஹெல்மெட் இல்லாம ஓட்டாதீங்க. டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் பைக் வீட்டிலேயே நிக்கட்டும்.