கொல்லன் உலையும் நமது கைகளும்

ஏரும் மண்வெட்டியும் இன்றி உழவில்லை. கொல்லன் உலையின்றி ஏரும் மண்வெட்டியும் இல்லை. ஆயினும் அரசர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனனஞ்செய்து சித்தியெய்திய நாம், அவ்வுலை எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதைக் கற்றோமில்லை. பாதிரிமார் நிறுவிய பாடசாலையிலே பரடே என்னும் விஞ்ஞானியின் மின்சார ஆராய்ச்சிகளைப் படித்தோம். அவரே 1819ஆம் ஆண்டில் இந்திய உருக்கையும் ஆராய்ந்தார் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது.

இத்தீவின் இரும்புத் தொழில் மிகப் பழையது. பலாங்கொடைக்கு அணித்தான சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக நின்று ஊதிய உலைகளை ஜில் ஜூலெஃப் அம்மையார் கண்டறிந்து, 1996இல் உலகறிய வெளியிட்டார். மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் அமைந்த அவை, கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அம்முறையிலே ஓர் உலை கட்டி எரித்துப் பார்த்தபோது உருக்கும் கிடைத்தது.

1660இற் கொட்டியாரத்திற் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிய றொபேட் நொக்ஸ், தமது 1681ஆம் ஆண்டு நூலில் மிதிதுருத்தியை விவரிக்கின்றார். குடைந்த மரத்தின் வாயில் மான்தோல் கட்டி, தோலின் நடுவே துளையிடுவர். உள்ளங்காலால் துளையை மூடி மிதிக்கக் காற்று உலைக்குட் செல்லும். காலை எடுத்ததும், நிலத்தில் நட்ட வளைகம்பு தோலை மேலே இழுக்கும். இரண்டு துருத்திகளை மாறி மாறி மிதிப்பதாற் காற்று இடையறாது.

இதனினும் வியப்பானது அவர் கண்ட பட்டறை வழக்கம். கொல்லன் அமர்ந்திருந்து சிறு சுத்தியலால் உருவைத் திருத்துவான். வேலை கொண்டுவந்தவரே துருத்தி ஊதவேண்டும். சம்மட்டி அடிப்பதும் அவரே!

கப்பலில் வந்த இரும்பு மலிந்தபோது, இரும்புக்கல்லிலிருந்து இரும்பெடுக்கும் தொழில் தேய்ந்தது. எஞ்சியதை நேரிற் கண்டு, 1908இல் தமது நூலிற் பதிந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கிராமத்துக் கொல்லனின் உலை மாத்திரம் அணையாது நின்றது.

சென்ற விடுமுறையில் நண்பர் மூவர் கூடி வளவொன்றில் அத்தகைய உலையொன்றை அமைத்தோம். களிமண்ணுடன் மணலும் உமியும் பிசைந்து முழ உயரச் சுவர் எழுப்பினோம். அதனூடே மண்குழல் ஒன்றைச் செலுத்தி, ஒருபுறம் துருத்தியும் மறுபுறம் சாணகலக் குழியும் வைத்தோம். குழியிற் சிரட்டைக்கரி நிரப்பினோம். ஈரம் முற்றாக உலருமுன் தீ மூட்டினோம், குழல் வெடித்தது.

ஓசை கேட்டு வந்த முதிய கொல்லர் ஒருவர், “தம்பிமார், மண் நிழலிலை ஆறுதலாய்க் காயவேணும். உங்கடை அவசரம் நெருப்புக்குத் தெரியாது” என்றார். பத்து நாள் கழித்துப் புதுக் குழலுடன் மீண்டும் மூட்டினோம். அவர் அமர்ந்திருந்தார், துருத்தியும் சம்மட்டியும் எங்கள் கையில்! நொக்ஸ் எழுதிய வழக்கத்தை அன்றே விளங்கிக்கொண்டோம்.

இரும்பின் நிறமே அவருக்கு வெப்பமானி. செம்மஞ்சளில் அடித்தால் அது இணங்கும். மங்கிய சிவப்பில் அடித்தால் வெடிக்கக்கூடும். வெண்மையாகிப் பொறி சிதறினால் எரிந்துபோகும். மாலையில் எமக்குக் கிடைத்தது ஒரு கோணற் கத்தியே. ஆயினும் கைகளிலே கொப்புளமும், மனத்திலே மதிப்பும் உண்டாயின.

“இது எங்களோடை சரி, பொடியள் ஒருத்தரும் பழகேல்லை” என்று அவர் கூறியது எம்மை வருத்துகின்றது. உலையால் வந்த கருவிகளை ஏற்று, உலையில் நின்றவரைத் தாழ்த்திய குற்றம் நம் சமூகத்துக்கு உண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. பெரியோர்களே, நீங்கள் அறிந்த பட்டறைகளை எமக்குக் காட்டுங்கள். சங்கத்து இளைஞர்களே, குறிப்புப் புத்தகத்துடன் மாத்திரமன்று, துருத்தி இழுக்கும் கைகளுடனும் அங்கே செல்வோம். உலை அணையுமுன் செல்வோம்.