தேர்தலுக்கு முன் வந்த கடிதம்

1924 அக்டோபர் 25. பிரிட்டிஷ் பொதுத்தேர்தலுக்கு நான்கே நாள்கள் இருந்தன. தொழிற்கட்சியை வெறுத்த 'டெய்லி மெயில்' நாளேடு, மாஸ்கோவின் சினோவியேவ் எழுதியதாகக் கூறி ஒரு கடிதத்தைக் கொட்டை எழுத்துகளில் வெளியிட்டது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் கடிதம் அது. ரஷ்யாவுடன் உடன்படிக்கை கண்ட தொழிற்கட்சிப் பிரதமர் மக்டொனால்டுக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டுமா? அவருடைய இறுதி ஒப்புதலின்றியே வெளியுறவு அலுவலகம் விடுத்த கண்டனக் குறிப்பு, கடிதத்தை மெய்யெனக் காட்டிவிட்டது.

கடிதமே தொழிற்கட்சியை வீழ்த்தியது என்று நாம் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் கணக்கோ வேறு. அதன் இடங்கள் 191இலிருந்து 151ஆகக் குறைந்தபோதும், வாக்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் கூடியிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்து நொறுங்கியது லிபரல் கட்சியே. கன்சர்வேட்டிவ் அரசு வந்ததும் ரஷ்ய உடன்படிக்கையைக் கைவிட்டது.

1999இல் வெளியுறவு அலுவலக வரலாற்றாசிரியர் கில் பென்னட் ஆராய்ந்து, கடிதம் போலியே எனும் முடிவுக்கு வந்தார். எழுதிய கை எதுவென்பது மட்டும் இன்றளவும் துலங்கவில்லை.