பெயர் வைத்த புண்ணியம்

பாடுபட்டவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்று ஆகிவிடுவது சரித்திரத்தில் புதிதல்ல. கொலம்பஸ் கடல் கடந்து போய்ச் சேர்ந்த கண்டத்துக்கு அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரல்லவா நிலைத்தது! கதை எழுதுகிறவனாகிய எனக்குப் பெயர்களின் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் கலையின் அடிப்படைச் சொல் ஒன்றின் பூர்வோத்தரத்தைப் படித்தபோது, அதற்குள் ஒரு நாவலே இருக்கக் கண்டேன். அந்தச் சொல் 'பாக்கெட்'. நம் மளிகைக் கடைத் தமிழில் சொன்னால், பொட்டலம்.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவை அணுகுண்டுப் பீதி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசிக் கம்பிகள் யாவும் சில பெரிய நிலையங்களில் வந்து கூடின. அவற்றின் மீது குண்டு விழுந்தால் தேசத்தின் வாயும் செவியும் ஒருசேர அடைபட்டுப் போகும். கலிபோர்னியாவில், ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பால் பாரன் இதற்கு ஒரு வழி கண்டார். மீன் வலையைப்போல் பல கண்ணிகளாகத் தொடர்பை அமைக்க வேண்டும். செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி, எந்தப் பாதை திறந்திருக்கிறதோ அதில் அனுப்பிவிட வேண்டும். கல்யாணக் கோஷ்டி பல பரிசல்களில் ஏறி ஆற்றைக் கடந்து, அக்கரையில் ஒன்று கூடுவதில்லையா? ஒரு துறை உடைந்தால் இன்னொரு துறையில் இறங்கிக்கொள்ளலாம். அப்படித்தான் இதுவும்.

1964-இல் இந்த யோசனையைப் பல தொகுதிகளாக அவர் வெளியிட்டார். தொலைபேசி உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் நிபுணர்களோ, நடவாத காரியம் என்று கை விரித்தார்கள். பிறகு, இத்துறையில் பழக்கமில்லாத ஓர் அரசாங்க இலாகாவிடம் வேலை போய்ச் சேரும் என்று தெரிந்ததும், திட்டத்தை நிறுத்திவிடும்படி பாரனே கேட்டுக்கொண்டார். குறைப் பிறவியாகப் பிறப்பதைவிடப் பிறவாதிருப்பதே நல்லது என்று நினைத்தார் போலும்!

அவர் தம் முறைக்கு இட்டிருந்த பெயரைத் தமிழில் சொன்னால், 'பரவலான, நிலைமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் செய்திக் கட்டி மாற்று முறை' என்று வரும். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது!

1965-இல், இங்கிலாந்தில் டெட்டிங்டன் என்னும் ஊரிலிருந்த தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையில், டொனால்ட் டேவிஸ் என்பவர் பாரனைப் பற்றி ஏதும் அறியாமலே அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தூண்டியது யுத்தமல்ல, சிக்கனம். கணிப்பொறியோடு உரையாடுகிறவர் ஒரு வரி தட்டுவார், பிறகு யோசிப்பார். அந்த யோசனை நேரமெல்லாம் கம்பி சும்மா கிடக்கும். செய்தியைத் துண்டுகளாக்கிவிட்டால், ஒரே கம்பியில் பலருடைய துண்டுகள் மாறி மாறிப் போகலாம் அல்லவா?

அந்தத் துண்டுக்குப் பெயர் தேடிய டேவிஸ் ஒரு மொழியறிஞரைக் கலந்துகொண்டார். சொல் சிறியதாக இருக்க வேண்டும். பிற மொழிகளுக்கும் எளிதில் போக வேண்டும். அப்படிப் பொறுக்கியதுதான் 'பாக்கெட்'.

அடுத்த ஆண்டு அவர் இதைப் பற்றிப் பேசியபோது, கேட்டிருந்த ராணுவ இலாகாக்காரர் ஒருவர் பாரனின் வேலையைப் பற்றிச் சொன்னார். சிறு மனிதராயிருந்தால் அதை மூடி மறைத்திருப்பார். 1967-இல் அமெரிக்காவில் காட்லின்பர்க் நகரில் நடந்த மாநாட்டில், டேவிஸின் சகாவான ரோஜர் ஸ்காண்டில்பரி படித்த கட்டுரை பாரனைக் குறிப்பிட்டது. ஆர்ப்பாநெட் வலையைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த லாரி ராபர்ட்ஸ் அங்கே இருந்தார். தம் தேசத்தாருடைய உழைப்பின் அருமையை அயல்நாட்டார் வாயால் அவர் கேட்க நேர்ந்தது! 1969 அக்டோபர் 29 அன்று அந்த வலையில் முதற்செய்தி புறப்பட்டது. 'லாகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தவுடன் எதிர்முனைக் கணிப்பொறி படுத்துவிட்டது. அப்படித் தொடங்கியதுதான் இன்று உலகை வளைத்து நிற்கிறது.

பின்னாளில் இருவரும் சந்தித்தபோது, "முந்திக்கொண்டவர் நீங்கள், பெயர் வைத்தவன் நான்" என்ற பொருள்பட டேவிஸ் வேடிக்கையாகச் சொன்னாராம். டேவிஸ் 2000-இலும் பாரன் 2011-இலும் காலமானார்கள்.

நம் கலைச்சொல் அறிஞர்கள் 'பொதி' என்றும் 'பொட்டலம்' என்றும் இதை வழங்குகிறார்கள். என் ஓட்டு பொட்டலத்துக்கே. புதுச் சொல் ஆக்க உட்காரும் நம்மவர்கள் டேவிஸின் இரண்டு நிபந்தனைகளையும் கண்ணெதிரே எழுதி வைத்துக்கொள்ளலாம். வாயில் நுழையாத பெயரைச் சூட்டி, நல்ல கருத்தைத் தொட்டிலிலேயே கிடக்கவிடுவது நியாயமா?