தூக்குவது ஒன்று, அடக்குவது ஒன்று: காட்டுவழி வண்டிகளின் ஸ்பிரிங் வரலாறு

காட்டிலும் மேட்டிலும் ஓடக்கூடிய நான்கு சக்கர வண்டி ஒன்றை வாங்கியதும் பலருக்கு வரும் முதல் ஆசை, அதை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும் என்பதுதான். கடைக்குப் போனதும் "எவ்வளவு உயரம் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். ஆனால் இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் முதலில் கேட்டது வேறு கேள்வி. "எவ்வளவு எடை ஏறும்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் ஸ்பிரிங்கின் முழு வரலாறும் இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1678ல் ஓர் எளிய விதியை வெளியிட்டார். ஒரு ஸ்பிரிங்கின் மேல் எவ்வளவு பளு ஏறுகிறதோ அந்த விகிதத்தில்தான் அது அமுங்கும். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன விதிதான்! இதை வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். 3 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் முன்பக்கம் இரண்டு இருக்கின்றன. அங்கே 90 கிலோ எடையில் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டினால் ஸ்பிரிங் ஒன்றுக்கு 45 கிலோ. வண்டியின் மூக்கு குறைந்தது 15 மி.மீ. இறங்கிவிடும். அதாவது, எடையைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

முதலில் வந்தது பட்டை ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஐரோப்பாவின் குதிரை வண்டிகளில் இருந்தது இதுதான். நம் ஊர் வில்வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்த 'வில்'லும் இதுதான். மோட்டார் வண்டி வந்தபோதும் அதே வில் அப்படியே கூட வந்தது.

ஆனால் வேகம் கூடியபோது ஒரு சிக்கல் தெரிந்தது. அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்தே தீரும். ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அதற்கப்புறமும் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் நேரத்தில் சக்கரம் தரையில் சரியாகப் பதியாது. பதியாத சக்கரத்தால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த ட்ரூஃபோ. தட்டுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு அந்த உராய்வால் துள்ளலை அடக்கினார். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்பவர் அதைத் தயாரித்து விற்றார். பிறகு இன்னொரு பிரெஞ்சுக்காரரான ஊடாய், உராய்வுக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தினார். எண்ணெய் சின்னத் துளை வழியே போக வேண்டும், அவசரப்படுத்தினால் எதிர்க்கும். 1908ல் வந்த ஃபோர்டு டி மாடலில் தொழிற்சாலையிலிருந்து ஷாக் அப்சார்பர் கிடையாது. 1927 இறுதியில் வந்த ஏ மாடலில் ஊடாய் வகை ஷாக்குகள் இருந்தன.

பெயரில் ஒரு குழப்பம் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஷாக் அப்சார்பர் அதிர்ச்சியை வாங்குவதில்லை. அதை வாங்குவது ஸ்பிரிங். ஷாக் செய்வது, துள்ளலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுவது. வண்டியைத் தூக்கி நிறுத்துவதும் அதன் வேலை இல்லை.

சரி, காட்டுவழிக்கு வருவோம். 1940ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும் என்று கேட்டது. அதன் நிபந்தனைகளில் வண்டியின் எடையும் அது சுமக்க வேண்டிய எடையும் எழுதப்பட்டிருந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 1941ன் வில்லிஸ் ஜீப். நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். 1948ல் பிரிட்டனில் வந்த லேண்ட் ரோவரும் அதே வழிதான். அந்த லேண்ட் ரோவர்களில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங்கும் மறுபக்கத்து ஸ்பிரிங்கும் ஒன்றல்ல! ஓட்டுநர் எப்போதும் இருப்பார், பக்கத்தில் ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மனிதனின் எடைக்காகக்கூட ஸ்பிரிங்கை மாற்றிய காலம் அது.

பட்டை ஸ்பிரிங்கில் வசதிகள் அதிகம். பளு தாங்கும், அச்சை அதன் இடத்தில் பிடித்து வைக்கும், உடைந்தால் சாலையோரப் பட்டறையிலேயே பட்டை மாற்றிக்கொள்ளலாம். 1985ல் வந்த மாருதி ஜிப்சி கடைசிவரை அதே ஸ்பிரிங்கோடு ஓடியதற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் பளு தாங்கும்படி கெட்டியாகச் செய்தால், காலி வண்டி உலுக்கி எடுத்துவிடும். ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மறு சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதும் சிரமம்.

1970ல் வந்த ரேஞ்ச் ரோவர் இந்த இடத்தில்தான் வழியை மாற்றியது. ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள் நான்கு பக்கமும் மென்மையான, நீண்ட தூரம் அசையும் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். சக்கரங்கள் பள்ளத்தைத் தேடிப்போய் மிதித்தன. பிரச்சினை? மென்மையான ஸ்பிரிங்கில் சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதற்காகவே பின்னச்சில் வண்டியைத் தானாகச் சமன் செய்யும் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள்.

அந்த வண்டிக்கும் ஒரு சோதனை வந்தது. 1971, 72ல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை வரை போனார்கள். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக்காடு. சேற்றைச் சமாளிக்கப் பெரிய டயர்கள் மாட்டினார்கள், பளுவும் அதிகம். விளைவு, பின்னச்சின் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. வண்டி கடைசியில் கரை சேர்ந்துவிட்டது. ஆனால் ஒன்றை மாற்றினால் அந்தச் சுமை இன்னொன்றின் தலையில் இறங்கும் என்ற பாடம் மிஞ்சியது.

பாலைவனம் வேறொரு பாடம் சொன்னது. 1967ல் மெக்சிகோவின் பாஹா பந்தயம் தொடங்கியது. மணிக்கணக்காகத் துள்ளும் வண்டியில் ஷாக்கின் எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். காற்று கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. சக்கரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஷாக்குகளை மாட்டிச் சமாளித்தார்கள். நுரைப்பதற்கான மருந்து ஏற்கெனவே இருந்தது. பிரான்சின் டி கார்பன், வாயு அழுத்தத்தால் எண்ணெயை நுரைக்காமல் வைக்கும் ஒற்றைக் குழாய் ஷாக்கை உருவாக்கியிருந்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை 1950களில் கார்களுக்குக் கொண்டுவந்தது.

இனி அந்த இரண்டு அங்குல ஆசைக்குத் திரும்பலாம். இரு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் வண்டியில், உயர ஸ்பிரிங் போட்டால் உயர்வது உடல் மட்டுமே. பாறையில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர்தான். ஸ்பிரிங் அந்த டயருக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. கூடவே ஈர்ப்பு மையம் மேலே போகும். வளைவில் கவிழும் அபாயம் கூடும். பிரேக் குழாய் எட்டுகிறதா, டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் அதிகமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் சக்கரம் இறங்கும்போது முழுவதும் நீண்டு, ஒரு கயிறு மாதிரி அச்சைத் தாங்கிப் பிடித்து, சீக்கிரமே பழுதாகும். ஷாக் மட்டும் புதிதாகக் கெட்டியாக இருந்து ஸ்பிரிங் பழையதென்றாலும் பயனில்லை.

ஆகவே வரிசை இதுதான். தினமும் வண்டியில் ஏறும் எடை எவ்வளவு? அதற்கு எந்த ஸ்பிரிங்? அந்த ஸ்பிரிங்கின் அசைவுக்கு எந்த நீளத்தில், எந்த அளவு அடக்கத்தில் ஷாக்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மிஞ்சுவதுதான் உயரம்.

பக்கத்து இருக்கை காலியாக இருக்குமா என்று யோசித்து ஸ்பிரிங் செய்தவர்களின் கணக்கு அது. கடையில் உயரத்தைக் கேட்பதற்கு முன்னால், வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது!